சசிரேகா அல்லாதவர்

ஜவுளிக்கடையில் பில் போடுகிற இயந்திரத்துக்கு வெட்கம் மானம் எதுவும் கிடையாது. மூன்று தளத்துக்கும் கேட்கிற மாதிரி அது சொன்னது:

“இந்த அட்டை சசிரேகாவுடையது. இதை நீட்டுபவர் சசிரேகா அல்லாதவர்.”

நீட்டியவள் சசிரேகாதான். கொளத்தூரில் எங்கள் மகிழம்பூ குடியிருப்பில் மூன்றாவது மாடி. என் வீட்டுக்கு நேர் மேலே பதினோரு வருடமாக இருக்கிறாள். அவள் வீட்டு குக்கர் எத்தனை விசிலில் அடங்கும் என்பது வரை எனக்குத் தெரியும்.

நான் எப்படி அந்தக் கடையில் இருந்தேன் என்று கேட்பீர்கள். அதே பேருந்தில் இரண்டு இருக்கை தள்ளித்தான் வந்தேன். ஐம்பத்து நாலு வயது, தனியாள், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து விருப்ப ஓய்வு பெற்றவள், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டு தி.நகர் கிளம்புகிறாள். எதற்கு என்று பார்க்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

அரக்குப் பட்டு, பச்சைக் கரை. நாற்பத்தி இரண்டாயிரம். நல்ல புடவைதான், கண் இருக்கிறது அவளுக்கு. அட்டையை வைத்தாள், இயந்திரம் ஊரைக் கூட்டிவிட்டது.

“நான்தாங்க சசிரேகா” என்றாள் அவள்.

கடை மேலாளர் ஒருவர் சிரித்தபடி வந்தார். “எல்லாத் திருடனும் அதைத்தாம்மா சொல்றான். கொஞ்சம் ஓரமா வாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. தூண் மறைவிலிருந்து வெளியே வந்தேன். “சார், இவங்க சசிரேகாதான். எங்க அபார்ட்மெண்ட்.”

“அண்டை வீடா? ரொம்ப நல்லது. இதுல பேசுங்க” என்று இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார். அது குழைந்த குரலில் கேட்டது: “இவர் தமக்காகப் பட்டுப்புடவை வாங்குவது வழக்கமா?”

நான் பொய் சொல்பவள் இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். அன்றைக்கு அதுகூடச் செய்யாமல் உள்ளதைச் சொன்னேன். “இல்லீங்க, இதான் முதல் தடவை. தனக்குன்னு ஒரு கர்ச்சீப் வாங்கிக்கூட நான் பார்த்ததில்ல.”

“சாட்சிக்கு நன்றி” என்றது இயந்திரம். மஞ்சளாக இருந்த விளக்கு சிவப்பானது. அந்த ஒரு நொடியில் அவளுடைய கணக்கு முழுவதும் முடங்கியது. அட்டை மட்டும் இல்லை. ஓய்வூதியம், சேமநிதி, சேமிப்பு, எல்லாம்.

அவளை ஒரு மணி நேரம் சரக்கு மூட்டை அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். காவலாளி ஒருவன், என் பையன் வயதுகூட இருக்காது, “உண்மையான சசிரேகாவை என்னம்மா பண்ணினீங்க?” என்று கேட்டான். இப்போது நினைத்தாலும் அவன் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது. அப்போது வைக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் பையிலிருந்து என்னென்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வங்கிக்கு அவளோடு நானும் போனேன். அவள் கூப்பிடவில்லை. ஆனால் முதல் சாட்சி நான்தானே.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தன்விகா என்று ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும், முகத்தில் மட்டும் ஐம்பது வயது அலுப்பு. ஆயிரம் தடவை சொன்ன பாடத்தை ஆயிரத்தோராவது தடவையாகச் சொன்னாள்.

“முன்னாடி பாஸ்வேர்ட் இருந்துச்சு மேடம், திருடினாங்க. அப்புறம் ஓ.டி.பி. வந்துச்சு, பேங்க்ல இருந்து பேசறோம்னாங்க, நாமளே வாசிச்சுக் காட்டினோம். கைரேகை, முகம், குரல் எல்லாத்துக்கும் நகல் எடுத்துட்டாங்க. கடைசியில மிஞ்சினது பழக்கம்தான். நீங்க என்ன வாங்குவீங்க, எப்ப வாங்குவீங்க, எந்தக் கடையில எவ்வளவு நேரம் யோசிப்பீங்க. அதைப் பார்த்துப் பார்த்து சுவடுங்கற எங்க சிஸ்டம் கத்துக்கும். உங்களை மாதிரி நடிக்கலாம், ஆறு வருஷம் உங்களை மாதிரி வாழ முடியுமா?”

அந்த விளம்பரம் எனக்கும் தெரியும். ‘நீங்கள் நீங்களாக இருங்கள், மற்றதைச் சுவடு பார்த்துக்கொள்ளும்.’ சுவர் சுவராக ஒட்டியிருந்தார்கள்.

“நான் நானாத்தானேம்மா இருக்கேன்” என்றாள் சசிரேகா.

தன்விகா திரையைத் திருப்பினாள். “இதுதான் சுவடுக்குத் தெரிஞ்ச சசிரேகா. ஸ்கூல் போற பசங்க மூணு பேர். ஒரு கைக்குழந்தை. சர்க்கரை இருக்கு, முழங்கால் தேய்மானம் இருக்கு. மாசம் ரெண்டு தடவை தலைக்குச் சாயம். வழுக்கையில முடி வளர்ற எண்ணெய். ஒரு நாய். கார்த்திகையில சபரிமலைக்கு இருமுடிச் சாமான், செப்டம்பர்ல வேளாங்கண்ணிக்கு வேன், பக்ரீத்துக்கு ஆடு.” நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க யாரு மேடம்?”

நான் மனதுக்குள் ஒவ்வொன்றுக்கும் கதவு எண் போட்டுக்கொண்டிருந்தேன். நாய், தரைத்தளம். கைக்குழந்தை, நாலாவது மாடி கல்பனாவின் பேத்தி. வழுக்கை, எங்கள் சங்கச் செயலாளர் தாமோதரன். முழங்கால் நான்.

விஷயம் இதுதான். ஆறு வருடம் முன்னால் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கென்று சசிரேகாவுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். எதை வாங்கினாலும் நூற்றுக்குப் பதினெட்டு தள்ளுபடி. அதை யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்காதீர்கள். ஒரு மிக்ஸி வாங்கிக் கொடு என்று ஒருத்தி கேட்டாள். வாங்கிக் கொடுத்தாள். மிக்ஸி பெருகி, ஏ.சி. ஆகி, பள்ளிக் கட்டணம் ஆகி, இருபத்திரண்டு வீடும் அவள் கதவைத் தட்டியது. கணக்கில் போட்டால் வங்கி மோப்பம் பிடிக்கும் என்று நாங்கள் நோட்டாகத்தான் கொடுப்போம், உறையில் போட்டு, மேலே வீட்டு எண் எழுதி. அப்படி ஒரு கட்டுப்பாடு எங்களுக்கு. அவளும் முடியாது என்று ஒரு நாள் சொன்னதில்லை. முடியாது என்று சொல்லத் தெரியாதவளை நாங்கள் நல்லவள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சசிரேகா எல்லாவற்றையும் சொன்னாள். தன்விகா அவசரமாகக் கையை உயர்த்தினாள்.

“மேடம், நீங்க வாயால சொன்னா செல்லாது. சொல்றது யாருன்னே சுவடுக்குத் தெரியாதே! பயன்படுத்தினவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். குறைஞ்சது மூணு பேர். இந்தந்தப் பொருள் இந்தந்த வீட்டுக்குன்னு. அப்பதான் அதையெல்லாம் உங்க கணக்குலேர்ந்து கழிச்சிட்டு, மிச்சம் இருக்கிறவங்கதான் நீங்கன்னு எடுத்துக்கும்.”

“கையெழுத்துப் போட்டவங்களுக்கு என்ன ஆகும்?” இதைக் கேட்டது நான்.

“அவங்க அட்டையைத் தொண்ணூறு நாள் நிறுத்தி வெப்பாங்க. அவங்க பழக்கத்துல பாதி இவங்க அட்டையில இருக்கே. அவங்க சுவடும் பொய்தானே?”

“வேற வழியே இல்லையாம்மா?” என்றாள் சசிரேகா.

“இருக்கு. அஞ்சு நாள் சோதனைக் காலம். வழக்கமா வாங்கற சாமானுக்கு மட்டும் அட்டை வேலை செய்யும். இத்தனை நாள் வாங்கின மாதிரியே வாங்கணும். பொருத்தம் தொண்ணூத்தஞ்சு வந்தா கணக்கு திறந்துடும்.”

“திறந்தப்புறம் நான் ஒரு வீடு வாங்கலாமா?”

“வீடா?” தன்விகா திரையைப் பார்த்தாள். “இந்த சசிரேகா வீடு வாங்கற ஆள் இல்லையே மேடம். மறுபடி முடங்கிடும்.”

சசிரேகா மெதுவாகச் சொன்னாள். ஏற்காட்டில் இரண்டு அறை வீடு. அட்வான்ஸ் ஒன்பது லட்சம். முப்பதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் உரிமையாளர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அவளுக்கு இருப்பது மொத்தம் முப்பத்தொரு லட்சம், இருபத்தொன்பது வருடச் சம்பளம், எல்லாம் இந்தக் கணக்கில். “ஞானசேகரனும் நானும் அங்க போகப் போறோம். எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தவர். கல்யாணம் பண்ணிக்கறோம்.”

பதினோரு வருடம் நேர் மேல் வீடு, எனக்குத் தெரியாமல் ஒரு எக்ஸ்ரேக்காரர்! அந்த நிமிடம் எனக்கு வங்கி மேல் இருந்த கோபத்தைவிட அவள் மேல் கோபம் அதிகமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம். தொண்ணூறு நாள், சோதனைக் காலம் எல்லாவற்றையும் சொல்லி, சசிரேகா நின்றுகொண்டே பேசினாள். மூன்று கையெழுத்து, அவ்வளவுதான் கேட்டாள். இருபத்திரண்டு வீட்டில் மூன்று.

நாய்க்காரர் நாயைத் தடவினார். பிறகு கல்பனா வாயைத் திறந்தாள்.

“அது இருக்கட்டும் சசி, பட்டுப்புடவை யாருக்கு?”

“எனக்கு.”

“உனக்குன்னா? என்ன விசேஷம்?”

“கல்யாணம்.”

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. “இந்த வயசுலயா!” என்று யாரோ சிரித்தார்கள். தாமோதரன் தொண்டையைச் செருமினார். “அதெல்லாம் அவங்க சொந்த விஷயம். நாம அட்டை விஷயத்துக்கு வருவோம். சசிரேகா மேடம், நாங்க கையெழுத்துப் போட்டா எங்க அட்டை மூணு மாசம் செத்துடும். தீபாவளி வருது. ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு செலவு. யோசிச்சுப் பாருங்க.”

“உங்க பையன் பீஸ் ஆறு வருஷமா என் அட்டையில போயிருக்கு சார்.”

“அதுக்குத்தான் அப்பப்ப ரொக்கமா குடுத்துட்டோமே? பாக்கி இருக்கா? சொல்லுங்க, இப்பவே குடுத்துடறேன்.”

“பாக்கி இல்ல சார். நான்தான் இல்ல. என் அட்டையில எங்க தேடினாலும் நீங்கதான் இருக்கீங்க. நான் சசிரேகான்னு சொல்ல மூணு பேர் வேணும். அதைத்தான் கேக்கறேன்.”

“நீங்க சசிரேகாங்கறதுல யாருக்கு சந்தேகம்?” என்றார் தாமோதரன், பெருந்தன்மையாக. “எழுத்துல வேணாம்னுதான் சொல்றோம்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “நிர்மலாக்கா?”

எனக்குக் காரணம் இருந்தது. என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். எங்கள் வீட்டுக்கே ஒரே அட்டைதான், அது செத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் போய் நான் எதைக் காட்டுவேன்? சத்தியமான காரணம். இருபத்திரண்டு வீட்டுக்கும் சத்தியமான காரணம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். காரணமே இல்லாத கெட்டவன் ஒருத்தனாவது இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

“பிரசவம் முடியட்டும் சசி” என்றேன். “அப்புறம் கட்டாயம் போடறேன்.”

“முப்பதாம் தேதிதான் கெடு அக்கா.”

“பார்க்கலாம்.”

தாமோதரனுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. “அந்தச் சோதனைக் காலம்னு சொன்னீங்களே, அது நல்லாத்தானே இருக்கு? நாங்க எல்லாரும் லிஸ்ட் குடுக்கறோம். நீங்க எப்பவும் போல வாங்குங்க. பொருத்தமும் ஏறும், எங்களுக்கும் தீபாவளி முடிஞ்சுடும். இதைவிட உங்களுக்கு என்ன ஒத்தாசை பண்ண முடியும் நாங்க?”

எல்லோர் முகமும் மலர்ந்தது. உதவி செய்தது போலவும் ஆயிற்று, தள்ளுபடியும் போகவில்லை. கூட்டத்தில் கை தட்டினார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? தட்டினார்கள். நானும்தான்.

சசிரேகா கை தட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். வீடு வாங்கினால் மறுபடி முடங்கும் என்று தன்விகா சொன்னதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“சரி” என்றாள். “லிஸ்ட் குடுங்க. ஆனா என் கணக்கு முடங்கிக் கிடக்கு, கைச்செலவுக்கு எனக்குக் காசு கிடையாது. இந்தத் தடவை ரொக்கத்தை முன்னாடியே குடுத்துடுங்க.”

யாரும் யோசிக்கவில்லை. ஆறு வருடத்தில் ஒரு ரூபாய் பிசகாதவள். அன்று மாலைக்குள் இருபத்திரண்டு உறை மாடியேறின. தாமோதரன் வீட்டுக்குச் சோபா, கல்பனாவுக்கு நகைச்சீட்டின் கடைசித் தவணை, நாய்க்கு ஒரு குளிர்மெத்தை. நான் வாஷிங் மெஷினுக்கும் மகளுக்குத் தொட்டிலுக்குமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்தேன். தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை மொத்தம் ஒன்பதரை லட்சம் தேறும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இரண்டு நாள் பால் பவுடர், நாப்கின் என்று சில்லறைச் சாமான் வந்தது. புதன்கிழமை காலை கல்பனாவின் அலறல் நாலு மாடிக்கும் கேட்டது.

“வீடு பூட்டிக் கிடக்கு! போன் அணைஞ்சிருக்கு!”

ஓடினோம். திண்டுக்கல் பூட்டு, இவ்வளவு பெரியது. சன்னல் வழியாக நான் எட்டிப் பார்த்தேன். கூடத்தில் அலமாரி காலி. சாமி படத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அப்புறம் எழுந்த சத்தத்தை எழுத முடியாது, எழுதினால் அச்சிட மாட்டார்கள். ஆறு வருடம் சம்பளமில்லாமல் எங்களுக்குக் கடைக்கு நடந்தவளுக்கு அரை மணி நேரத்தில் எத்தனை பட்டம்! அந்த எக்ஸ்ரேக்காரனோடு ஓடிவிட்டாள். அவன்தான் வசியம் வைத்தான். முதலிலிருந்தே திட்டம். எல்லாவற்றுக்கும் மேலே தாமோதரன் படிக்கட்டில் நின்று கத்தினார்:

“அன்னிக்கே அந்த மெஷின் சொல்லிச்சு, இவ சசிரேகா இல்லன்னு! நாமதான் நம்பல!”

யாரும் சிரிக்கவில்லை. நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. இன்பரதி என்று ஒரு பெண்மணி. எங்கள் கும்பலைப் பார்த்ததுமே அவருக்கு அலுத்துவிட்டது. எல்லோருடைய கத்தலையும் கேட்டுவிட்டு ஒரு படிவத்தைத் தள்ளினார்.

“ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதுங்க. அந்தம்மாகிட்ட பணம் எதுக்குக் குடுத்தீங்க?”

“பொருள் வாங்க.”

“கடை இருக்கு, உங்ககிட்ட அட்டை இருக்கு. அந்தம்மாகிட்ட எதுக்குக் குடுத்தீங்க?”

தாமோதரன் வழுக்கையைத் தடவினார். “ஒரு… பழக்கம் மேடம்.”

“பழக்கம்னா எத்தனை வருஷமா? என்னென்ன வாங்கினீங்க? அவங்க அட்டையிலதானே? எல்லாத்தையும் எழுதுங்க. எழுதலைன்னா உங்க காசு அவங்ககிட்ட போனதுக்கு என்ன ஆதாரம்? நான் எதை வெச்சு வழக்குப் பதியறது? கார்டு விவகாரம்னா இது நேரா பேங்குக்கும் ஒரு நகல் போகும், தெரியுமில்ல?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தப் படிவத்தில் என்ன எழுத வேண்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் எழுத மாட்டோம் என்றோமே, அதே வாசகம். கையெழுத்துப் போட்டால் தொண்ணூறு நாள்.

முதலில் பேனாவை எடுத்தது நான்.

சிநேகிதிக்காக, அவள் வாழ்க்கைக்காக, ஒரு கையெழுத்துப் போட எனக்குப் பிரசவம் குறுக்கே நின்றது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஆறு வருடத்தில் அவள் அட்டையில் நான் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் தேதி மாறாமல் எழுதினேன். என் ஞாபகசக்தியைப் பற்றி ஊரில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் போதவில்லை, இன்னொரு தாள் கேட்டேன். எனக்குப் பின்னால் கல்பனா, அவளுக்குப் பின்னால் நாய்க்காரர். கடைசியாகத் தாமோதரன், வழுக்கை எண்ணெய் உட்பட. பன்னிரண்டரை மணிக்கெல்லாம் இருபத்திரண்டு வாக்குமூலம் தயார்.

வெள்ளிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, காலை ஒன்பதரை மணி. வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஒல்லியான ஒரு மனிதர் இறங்கினார், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. இவர்தான் ஞானசேகரனாக இருக்க வேண்டும். மோசமில்லை. அவருக்குப் பின்னால் சசிரேகா இறங்கினாள், தோளில் துணிப்பை.

“பிடிங்க! விடாதீங்க!” என்று நாலாவது மாடியிலிருந்து கல்பனா கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவளே கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையைத் திறந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தன, ரப்பர் பேண்டுகூடக் கழற்றவில்லை.

“எண்ணிப் பார்த்துக்கோங்க” என்றாள்.

தாமோதரன் உறையைப் பறித்து எண்ணினார். எண்ணி முடித்ததும் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது. பணம் குறைந்திருந்தால்கூட இவ்வளவு வந்திருக்காது.

“அப்ப எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க? எங்களை முட்டாளாக்கவா? நாங்க போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு, தெரியுமா?”

“தெரியும் சார். நேத்து சாயங்காலம் பேங்க்ல இருந்து தகவல் வந்துச்சு, என் கணக்கு திறந்தாச்சு. மூணு கேட்டேன், இருபத்திரண்டு குடுத்திருக்கீங்க.” நாய்க்காரர் பக்கம் திரும்பினாள். “உங்க நாய்க்கு மருந்து வாங்க நான் மழையில போயிருக்கேன். உங்க அம்மா காரியத்துக்கு வாழை இலையிலருந்து வாங்கிக் குடுத்திருக்கேன் கல்பனா. என்னைத் திருடின்னு அந்தக் கடையில உட்கார வெச்சாங்க. ‘இவ யாருன்னு எங்களுக்குத் தெரியும்’னு ஒரு வரி எழுத உங்களால முடியல. திருடின்னு எழுதணும்னா மட்டும் ஆளுக்கு ரெண்டு பக்கம் வருது. அதுவும் எவ்வளவு கரெக்டா! ஒரு பொருள் விட்டுப் போகல.”

“சசி, நான்…” என்று ஆரம்பித்தேன்.

“நீங்கதான் முதல்ல போட்டீங்களாம் அக்கா. எஸ்.ஐ. மேடம் சொன்னாங்க.” என்னை நேராகப் பார்த்தாள். “நீங்கதான் முதல்ல போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். இவர்கிட்ட பந்தயமே கட்டினேன்.”

ஞானசேகரன் ஆட்டோவில் சாய்ந்து நின்றபடி தரையைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்று மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

“கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடலாம்!” தாமோதரன் எல்லோரையும் பார்த்துக் கையை ஆட்டினார். “பணம்தான் வந்துடுச்சே. உடனே போனா வாபஸ் வாங்கிடலாம்!”

போனோம். வாங்கினோம். திருட்டுப் புகாரை இன்பரதி கோடு போட்டு அடித்துவிட்டார். “ஆனா வாக்குமூலம் வாக்குமூலம்தான் சார்” என்றார். “அது அன்னிக்கே பேங்குக்குப் போயாச்சு.”

திங்கட்கிழமை வங்கியில் தன்விகாவின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். என் அட்டை காலையில் பால் வாங்கும்போதே செத்துவிட்டது. ‘விசாரணையில் உள்ள நபர்’ என்று பால் பூத் இயந்திரம் அறிவித்தது. நாற்பது வருடமாக அந்தத் தெருவில் இருப்பவளைப் பார்த்து, நபராம்!

என் விஷயத்துக்கு முன்னால் எனக்கு வேறொன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “சசி வீட்டுக்குப் பணம் கட்டிட்டாளா?”

“சனிக்கிழமையே போயிடுச்சு மேடம். ஒரு நொடியில சம்மதம் குடுத்துடுச்சு சுவடு.”

“அதெப்படி? வீடு வாங்கற ஆள் இல்லைன்னு நீதானேம்மா சொன்னே?”

தன்விகா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரையை லேசாக என் பக்கம் திருப்பினாள். செய்யக் கூடாதுதான். ஆனால் வம்பு பேசுகிற ஆசை அந்தப் பிள்ளைக்கும் இருக்கும்போலிருக்கிறது.

“உங்க இருபத்திரண்டு பேர் எழுதினதையும் கழிச்சோம் மேடம். ஆறு வருஷத்துல அவங்க தனக்குன்னு வாங்கினது இவ்வளவுதான் மிஞ்சிச்சு.”

திரையில் பாதிகூட நிறையவில்லை. அரிசி. துவரம் பருப்பு. காபித்தூள் கால் கிலோ. பேருந்துப் பயணச் சீட்டு. ஒரு மூக்குக் கண்ணாடி, அதற்கு இரண்டு தடவை பழுது பார்த்த கூலி. மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் இரண்டு மசால் தோசை, இரண்டு காபி. அது மட்டும் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

நான் அந்த இரண்டு மசால் தோசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வருடம், எழுபத்திரண்டு சனிக்கிழமை. இதைக் கண்டுபிடிக்காமல் நான் எதை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்?

“இவ்வளவு கம்மியா இருந்தா இவங்களுக்குப் பழக்கமே உருவாகலைன்னு சுவடு எடுத்துக்கும்” என்றாள் தன்விகா. “புதுசா கணக்கு ஆரம்பிச்சவங்க மாதிரி. வீடு வாங்கலாம், பட்டு வாங்கலாம், கப்பல்ல டிக்கெட் போடலாம். அவங்க எது வாங்கினாலும் அது அவங்கதான்.”

“நான்?”

அவள் என் பக்கத்தைத் திறந்தாள். கீழே, கீழே, கீழே உருட்டிக்கொண்டே போனாள். “உங்களுது ரொம்ப ஆழமா பதிஞ்சிருக்கு மேடம். நீங்க எழுதிக் குடுத்ததையும் இதுல சேர்த்தாச்சு. இனிமே இதுலேர்ந்து கொஞ்சம் விலகினாலும் நிறுத்திடும். எப்பவும் வாங்கறதையே எப்பவும் போல வாங்கிட்டிருங்க, பிரச்சினை இல்ல. தொண்ணூறு நாளைக்கு அப்புறம்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது? மகளுக்குப் பிரசவம்மா. ஆஸ்பத்திரியில ரொக்கம் தொட மாட்டேங்கறாங்க.”

தன்விகா பரிதாபமாக யோசித்தாள். “பேசாம அக்கம்பக்கத்துல யாராவது நல்லவங்ககிட்ட கேட்டு அவங்க அட்டையில…”

பாதியில் நிறுத்திக்கொண்டாள். என் தோளுக்கு மேலாக அவள் பார்வை போனது. எனக்குப் பின்னால் கல்பனா நின்றாள். அவளுக்குப் பின்னால் நாய்க்காரர், பிறகு தாமோதரன், பிறகு வரிசை வாசல்வரை. எல்லோர் கையிலும் செத்த அட்டை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க, எல்லோரும் சுவரிலிருந்த விளம்பரத்தையே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்தவங்க வாங்க” என்றாள் தன்விகா.